எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டமன்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நொகாலெஸ் என்று ஓர் ஊர். எல்லைச் சுவருக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், அதே பெயரில் இன்னோர் ஊர். நிலம் தெற்கிலிருந்து வடக்கே சரிகிறது. அதனால் மெக்சிகோ நொகாலெஸின் சாக்கடை, விசா எதுவும் கேட்காமல், அமெரிக்க நொகாலெஸுக்கு அடியில் கிடக்கும் குழாய் வழியே வடக்கே போகிறது. ரியோ ரிக்கோ என்ற இடத்தில் இருக்கும் நிலையத்தில் இரண்டு ஊர்க் கழிவும் ஒன்றாகச் சுத்திகரிக்கப்படுகிறது. 2017 ஜூலை மழை வெள்ளத்தில் அந்தக் குழாய் சேதமாகிக் கழிவுநீர் கசிந்தபோது அரிசோனா ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார். குழாயைப் பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதில் நகராட்சிக்கும் இரு நாடுகளின் பன்னாட்டு எல்லை மற்றும் நீர் ஆணையத்துக்கும் பல ஆண்டு இழுபறி.

இப்படிப்பட்ட விஷயங்களில் ஒரு நாட்டின் மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் அண்டை நாட்டு மாநில உறுப்பினர்களோடு சேர்ந்து என்ன செய்ய முடிகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இந்தப் பக்கம். அமெரிக்காவின் தெற்கு எல்லையையும் வடக்கு எல்லையையும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கி விடலாம்: இங்கே ‘ஆளுநர்’ என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர். நியமன ஆளுநர் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

அயல்நாட்டோடு பேசுவது தலைநகரத்தின் வேலையாயிற்றே. மாநில உறுப்பினருக்கு அங்கே என்ன வேலை?

தொகுதி மக்கள் அவரிடம்தானே வருகிறார்கள். கலிஃபோர்னியாவின் தென்கோடியில் இம்பீரியல் பீச் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வடக்கே ஓடிவரும் டிஹுவானா ஆறு அந்த ஊரை ஒட்டித்தான் கடலில் கலக்கிறது. ஆற்றோடு கழிவுநீரும் வருவதால் அங்கே கடற்கரையை 1,000 நாட்களுக்கும் மேலாக மூடி வைக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு நாற்றத்தில் தலைவலி என்று ஒரு தாய் வந்து நின்றால், ‘இது வெளியுறவுத் துறை விவகாரம் அம்மா’ என்று சொல்லி அனுப்ப எந்த உறுப்பினராலும் முடியாது.

அதோடு, எல்லையில் அன்றாடம் தலைதூக்கும் சிக்கல்களில் பெரும்பகுதி மாநில அதிகாரத்துக்குள் வருபவை: சாலை, லாரிகளின் எடையும் பிரேக்கும், ஓட்டுநர் உரிமம், தீயணைப்பு, குப்பை, மருத்துவர் பதிவு. வாஷிங்டனும் மெக்சிகோ சிட்டியும் பேசி முடித்த பிறகும் இவற்றுக்கெல்லாம் சட்டம் போட வேண்டியது மாநிலம்தான்.

எந்தெந்த மாநிலங்கள்?

தெற்கு எல்லை ஏறக்குறைய 3,150 கிலோமீட்டர். அமெரிக்கப் பக்கம் கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் என நான்கு. மெக்சிகோ பக்கம் பாஹா கலிஃபோர்னியா, சொனோரா, சிவாவா, கோவாவிலா, நுவோ லியோன், தமவுலிபாஸ் என ஆறு. இந்தப் பத்து மாநில உறுப்பினர்களும் கூடுவதற்கென்று எல்லைச் சட்டமன்ற மாநாடு என்ற அமைப்பு உருவானது. மாநில அரசுகள் மன்றம் என்ற அமெரிக்க அமைப்பின் மேற்குக் கிளை அதற்குச் செயலக வேலை பார்த்தது.

வடக்கு எல்லையில் ஒரே அமைப்பு கிடையாது, வட்டாரத்துக்கு ஒன்று. அவற்றைக் கீழே பார்க்கலாம்.

இரண்டு மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா?

உடன்படிக்கை என்ற பொருளில், முடியவே முடியாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்து, 10-ஆம் பிரிவு இதில் இரண்டு படி வைத்திருக்கிறது. எந்த மாநிலமும் அயல்நாட்டோடு உடன்படிக்கையோ கூட்டணியோ செய்துகொள்ளக் கூடாது. இது முழுத் தடை. அதற்குக் கீழே, ‘ஒப்பந்தம் அல்லது உடன்பாடு’ என்று இன்னொரு வகை. நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்மதம் கொடுத்தால் அது செல்லும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று சாசனம் சொல்லவில்லை. 1893-இல் வர்ஜீனியாவுக்கும் டென்னசிக்கும் நடந்த எல்லை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: மாநிலங்களின் அரசியல் பலத்தைக் கூட்டி, மத்திய அரசின் மேலாண்மையில் கைவைக்கும் ஒப்பந்தத்துக்குத்தான் சம்மதம் தேவை, சாதாரண ஏற்பாடுகளுக்குத் தேவையில்லை. அந்தத் தீர்ப்பு விட்ட இடைவெளியில்தான் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற பெயரில் இன்று நூற்றுக்கணக்கான தாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மெக்சிகோ சாசனத்தின் 117-ஆம் ஷரத்தும் மாநிலங்களுக்கு அதே தடையைப் போடுகிறது. ஆனால் 1992-இல் வந்த உடன்படிக்கைகள் சட்டம், மாநில, நகராட்சித் துறைகள் வெளிநாட்டு அரசு அமைப்புகளோடு ‘நிறுவனங்களுக்கிடையிலான உடன்பாடு’ செய்துகொள்ளலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. வெளியுறவுச் செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தங்கள் அதிகார வரம்புக்குள் இருக்க வேண்டும். கவனித்தீர்களானால் அந்தக் கதவு நிர்வாகத் துறைகளுக்குத் திறந்தது. சட்டமன்றங்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஒப்பந்தம் போட முடியாதென்றால் கூடி உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

கண்ணாடி பார்ப்பது போன்ற வேலை. இந்தப் பக்கத்துச் சட்டமன்றம் தன் அதிகாரத்துக்குள் ஒரு சட்டம் போடும். அந்தப் பக்கம் தன் அதிகாரத்துக்குள் அதற்குப் பொருந்துகிற இன்னொன்றைச் செய்யும். இரண்டையும் கட்டிப்போடும் கையெழுத்து எங்கும் இருக்காது, ஆனால் சேர்த்து வைத்தால் ஒரே ஏற்பாடாக இயங்கும்.

நல்ல உதாரணம் சான் டியாகோவுக்கும் டிஹுவானாவுக்கும் நடுவே திட்டமிட்ட ஒட்டாய் மேசா கிழக்கு எல்லைக் கடவு. புதிய கடவுக்குப் பணம் இல்லை. 2008-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு, அங்கே போகும் சாலையில் டோல் வசூலித்துக் கடனை அடைக்கலாம் என்று சான் டியாகோ வட்டார அமைப்புக்கு அதிகாரம் கொடுத்தது. டோலை ஒரே இடத்தில் வாங்கி இரு நாடும் பிரித்துக்கொள்வது என்பது திட்டம். அமெரிக்கப் பக்கம் சாலை போட்டார்கள். பதினைந்து ஆண்டு தாண்டியும் கடவு திறந்த பாடில்லை. இரண்டு கண்ணாடிகளை ஒரே கோணத்தில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இதுவே உதாரணம்.

சிறிய உதாரணம் ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாவில் கழற்றிப் போட்ட பழைய டயர்கள் பாஹா கலிஃபோர்னியாவில் மறுபடியும் விலை போகின்றன. அங்கேயும் தேய்ந்த பிறகு மலைச்சரிவில் வீடு கட்டுவோர் மண்ணைத் தாங்க அவற்றையே அடுக்குகிறார்கள். பெருமழை வந்தால் டிஹுவானா ஆற்றோடு அவை சுற்றி வளைத்துக் கலிஃபோர்னியாவுக்கே திரும்பி வருகின்றன. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு புது டயருக்கும் 1.75 டாலர் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தில் நடக்கும் டயர் திட்டத்தில் எல்லைப் பகுதி வேலைகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று சட்டமன்றம் விதித்திருக்கிறது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் டயரின் பயணத்தை முழுசாகப் பார்த்துச் சட்டம் எழுதிய இடம் அது.

மாநாட்டுத் தீர்மானங்களை யாராவது மதிக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் இங்கே பலரும் கவனிக்காத ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் வாஷிங்டனுக்கு ஒரு வேண்டுகோள் தீர்மானம் அனுப்பலாம், அவ்வளவுதான். அதைப் படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மெக்சிகோவில் மாநிலக் காங்கிரஸுக்கு (மாநிலச் சட்டமன்றத்தை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) சாசனத்தின் 71-ஆம் ஷரத்தின்படி தேசிய நாடாளுமன்றத்தில் நேரடியாக மசோதா கொண்டுவரும் உரிமை இருக்கிறது. சாசனத் திருத்தங்களுக்கும் பெரும்பான்மை மாநிலக் காங்கிரஸ்களின் ஒப்புதல் வேண்டும். ஆக, ஒரே மேசையில் இருவரும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கினாலும், சொனோரா உறுப்பினர் கையில் இருப்பதும் அரிசோனா உறுப்பினர் கையில் இருப்பதும் ஒரே கருவி அல்ல. மசோதா கொண்டுவருவதால் அது நிறைவேறிவிடும் என்றில்லை. தூங்கிக் கிடக்கும் மசோதாக்களுக்கு அங்கேயும் பஞ்சமில்லை.

உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

வடக்கே போக வேண்டும். 1998-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு, சுப்பீரியர் ஏரியிலிருந்து ஆண்டுக்கு 60 கோடி லிட்டர் தண்ணீரைக் கப்பலில் ஏற்றி ஆசியாவில் விற்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. ஏரியின் அளவுக்கு அது ஒரு சொட்டு. ஆனால் செய்தி வெளியானதும் இரு நாட்டிலும் கொந்தளிப்பு, அனுமதி ரத்தானது. பெரும் ஏரிகள் ஐந்திலும் சேர்த்து உலகத்தின் தரைமேல் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. இன்று ஒரு கப்பலுக்கு அனுமதி கொடுத்தால் நாளை குழாய் போட்டு வறண்ட தென்மேற்குக்கு இழுத்துப் போவார்கள் என்ற பயம்தான் எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது.

2005 டிசம்பரில் இல்லினாய், இந்தியானா, மிச்சிகன், மின்னசோட்டா, நியூயார்க், ஒஹாயோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய எட்டு மாநில ஆளுநர்கள் ஒரு நீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். படுகைக்கு (மழைநீர் ஏரிகளில் வந்து சேரும் நிலப்பரப்புக்கு) வெளியே தண்ணீர் எடுத்துப் போவதற்குத் தடை, சில கறாரான விதிவிலக்குகளோடு. கையெழுத்து சுலபமான பாதி. அதற்குப் பிறகு எட்டுச் சட்டமன்றங்களும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். ஒரு சபை ஒரு வரியை மாற்றினால் மற்ற ஏழும் மறுபடி முதலிலிருந்து. உறுப்பினர் என்றாலே திருத்தம் கொண்டுவருபவர் என்று பழகிப் போன ஆட்களிடம், ‘இதில் கை வைக்காமல் ஓட்டுப் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. மின்னசோட்டா 2007 பிப்ரவரியில் முதலில் முடித்தது. ஒஹாயோவில் என் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் யாருடையது என்ற சொத்துரிமைக் கேள்வியில் இழுத்தது. 2008 ஜூலைக்குள் எட்டும் முடிந்தன. பிறகு காங்கிரஸ் சம்மதம் கொடுத்து, அக்டோபர் 3 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டு, டிசம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்தது.

இந்த வேலையில் உறுப்பினர்களை ஒருவரோடொருவர் பேச வைத்ததில் 2003-இல் தொடங்கிய பெரும் ஏரிகள் சட்டமன்ற உறுப்பினர் குழுவுக்குப் பங்கு உண்டு. எட்டு மாநிலங்களோடு ஒன்டாரியோ, கியூபெக் மாகாண உறுப்பினர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஒன்டாரியோவும் கியூபெக்கும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தனவா?

சேரவில்லை, சேர்க்கவும் முடியாது. சேர்த்தால் அது அயல்நாட்டோடு உடன்படிக்கை என்ற தடைக்குள் விழும் ஆபத்து. அதனால் ஒரே நாளில் இரண்டு தாள்கள். எட்டு மாநிலங்களுக்கு மட்டும் சட்டமாகும் ஒப்பந்தம் ஒன்று. பத்துப் பேரும் கையெழுத்திட்ட, நல்லெண்ணத்தில் நிற்கும் உடன்பாடு இன்னொன்று. மாகாணங்கள் அதே விதிகளைத் தங்கள் சொந்தச் சட்டங்களில் எழுதிக்கொண்டன, மேலே சொன்ன கண்ணாடி வேலைதான்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை விஸ்கான்சினின் வாக்கஷா நகரம் காட்டியது. அதன் நிலத்தடி நீரில் ரேடியம். மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருந்தாலும் ஊர் படுகைக் கோட்டுக்கு வெளியே. நாளொன்றுக்குச் சராசரி 3.8 கோடி லிட்டர் கேட்டார்கள், பயன்படுத்திச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி விடுகிறோம் என்ற வாக்குறுதியோடு. விண்ணப்பத்தை ஆராயும் கூட்டத்தில் பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள், கனடா மாகாணங்களின் கருத்தையும் கேட்டு நிபந்தனைகள் இறுகின. ஆனால் 2016 ஜூனில் கடைசி ஓட்டு எட்டு மாநிலங்களுக்கு மட்டும். ஒரு மாநிலம் ‘இல்லை’ என்றிருந்தால் போதும், விழுந்திருக்கும். எட்டும் சரி என்றன. 2023 அக்டோபரில் அந்த ஊர்க் குழாய்களில் ஏரித் தண்ணீர் வந்தது.

வடக்கு எல்லையில் வேறென்ன இருக்கிறது?

காட்டுத்தீ ஒப்பந்தம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பேச்சு குறைவு. 1947-இல் மெய்ன் மாநிலம் பற்றி எரிந்தது. 1949-இல் வடகிழக்கு மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தீயணைப்புப் படை அனுப்பிக்கொள்ளும் ஒப்பந்தம் செய்தன. பக்கத்துக் கனடா மாகாணங்களும் சேரலாம் என்று காங்கிரஸ் இடம் கொடுத்தது. 1969-இல் கியூபெக்கும் 1970-இல் நியூ பிரன்சுவிக்கும் சேர்ந்தன. யார் தலைமையில் வேலை செய்வது, காயம்பட்டால் இழப்பீடு எந்த ஊர்ச் சட்டப்படி, டீசல் செலவு யாருடையது என்று இவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தால், தீ வரும்போது வண்டி எல்லையில் நிற்காது. 1998 பனிமழைப் புயலுக்குப் பிறகு எல்லாவகைப் பேரிடர்களுக்கும் இதே போன்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ இங்கிலாந்து மாநிலங்களும் கிழக்குக் கனடா மாகாணங்களும் 2000-இல் செய்தன. காங்கிரஸ் சம்மதம் வந்தது 2007 டிசம்பரில். ஏழு ஆண்டு அது வெறும் புரிந்துணர்வாகவே ஓடியது.

மேற்குக் கோடியில் 1991-இல் தொடங்கிய பசிபிக் வடமேற்கு பொருளாதார வட்டாரம் இருக்கிறது. அலாஸ்கா, ஐடஹோ, மொன்டானா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களும் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களும் தொடங்கியது. பிறகு மூன்று சேர்ந்தன. இதை ஆளுநர்கள் அல்ல, உறுப்பினர்கள் முன்னின்று உருவாக்கினார்கள். எல்லை கடக்கப் பாஸ்போர்ட் கட்டாயம் என்று வாஷிங்டன் டி.சி. சொன்னபோது, ஓட்டுநர் உரிமத்திலேயே குடியுரிமையையும் பதித்து அதைக் காட்டினால் போதும் என்ற யோசனையை இந்த வட்டாரம் தள்ளிக்கொண்டே போனது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் நெருங்கியது உதவியது. வாஷிங்டன் மாநிலம் 2007-இல் சட்டம் போட்டு 2008 ஜனவரியில் கார்டைக் கொடுக்கத் தொடங்கியது. இன்று மிச்சிகன், மின்னசோட்டா, நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களிலும் அது உண்டு. தெற்கு எல்லை மாநிலம் ஒன்றிலும் இல்லை.

தெற்கில் ஏன் அந்த அளவுக்கு நடக்கவில்லை?

குடியேற்ற அரசியல், போதைப்பொருள், மொழி என்று வழக்கமான பட்டியல் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால் காலண்டர்தான் முதல் காரணம் என்பேன்.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடுகிறது. உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர். வேறு தொழில் பார்த்தால்தான் பிழைக்க முடியும். நியூ மெக்சிகோவில் ஒற்றைப்படை ஆண்டில் 60 நாள், இரட்டைப்படை ஆண்டில் 30 நாள். சம்பளமே இல்லாமல் நாள்படியில் ஓடிய சபை. அரிசோனாவில் 24,000 டாலர். கலிஃபோர்னியாவில் முழுநேர வேலை, 1,20,000 டாலருக்கு மேல், கூடவே அலுவலக ஊழியர்கள். இந்த நால்வரையும் ஒரே தேதிக்கு ஓர் ஊருக்கு வரச் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பக்கம் இன்னொரு சிக்கல். மெக்சிகோ மாநிலக் காங்கிரஸ்கள் எல்லாம் ஒற்றை அவை. உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டு. அடுத்தடுத்து மறுபடி நிற்க நெடுங்காலம் தடை இருந்தது. முதல் ஆண்டு வழி தெரிந்துகொள்வார், இரண்டாம் ஆண்டு டெக்சாஸ்காரரின் பெயர் மனப்பாடமாகும், மூன்றாம் ஆண்டு அவர் வேறு பதவிக்கு ஓட்டுக் கேட்கப் போய்விடுவார். 2014 சீர்திருத்தத்தால் 2018 தேர்தலிலிருந்து மறுபடி நிற்க வழி கிடைத்தது. 2025-இல் மீண்டும் சாசனத்தைத் திருத்தி, 2030 முதல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பக்கமும் சுத்தமில்லை: கலிஃபோர்னியாவில் வாழ்நாளில் மொத்தம் 12 ஆண்டுதான், அரிசோனாவில் ஓர் அவையில் தொடர்ந்து நான்கு தவணைதான்.

இந்த உறவு ஓடுவது ஆட்களின் பழக்கத்தில். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு மாநாடும் அறிமுகக் கூட்டமாகவே முடிகிறது. கூட்டத்தில் தேநீர் நேரம் முழுக்க விசிட்டிங் கார்டு பரிமாற்றம்தான் நடக்கிறதென்றால் அந்த அமைப்பு தேறாது என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

2022-இல் டெக்சாஸ் எல்லையில் லாரிகள் நின்றபோது சட்டமன்றங்கள் என்ன செய்தன?

ஒன்றும் செய்யவில்லை. இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் மாதம். டெக்சாஸ் சட்டமன்றம் கூட்டத்திலேயே இல்லை.

நடந்தது இது. ஏப்ரல் 6 அன்று ஆளுநர் கிரெக் அபட், மெக்சிகோவிலிருந்து வரும் சரக்கு லாரிகளை மாநிலப் போலீஸ் தனியாகச் சோதிக்கும் என்று அறிவித்தார். மத்திய சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்த லாரியையே மறுபடி நிறுத்திப் பிரேக், டயர், விளக்கு பார்த்தார்கள். வரிசை மணிக்கணக்கில் நீண்டது. லாரியிலேயே காய்கறி வாடியது. டெக்சாஸின் ஃபார் என்ற ஊரின் எல்லைப் பாலத்தில் மெக்சிகோ லாரி ஓட்டுநர்கள் பாதையை மறித்தார்கள். ஏப்ரல் 13 முதல் 15-க்குள் நுவோ லியோன், சிவாவா, கோவாவிலா, தமவுலிபாஸ் ஆளுநர்கள் ஒவ்வொருவராக அபட்டோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட, சோதனை நின்றது. ஆண்டுக்கு 80,000 கோடி டாலர் சரக்கு வணிகம் நடக்கும் இரண்டு நாடுகளின் எல்லையை ஒரு மாநிலத்தின் வண்டிச் சோதனை அதிகாரம் ஒரு வாரம் முடக்கிப் போட்டது.

பக்கத்து அரிசோனா அதே லாரிச் சோதனையை வேறு மாதிரி செய்கிறது. 2016 முதல் அதன் போக்குவரத்துத் துறை ஆய்வாளர்கள் மெக்சிகோ ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள், என்ன பார்ப்போம், எதற்கு நிறுத்துவோம் என்று. புறப்படுவதற்கு முன் சந்தேகம் வந்தால் ஓட்டுநர் வாட்ஸ்அப்பில் ஆய்வாளரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு படம் அனுப்பினால் ‘இதை மாற்றிக்கொண்டு வா’ என்று பதில் வரும். இதற்கு உடன்படிக்கையும் தேவைப்படவில்லை, மாநாடும் தேவைப்படவில்லை.

ஒரு மாநிலத்தின் சொந்தச் சட்டம் இந்த உறவை உடைக்குமா?

2010-இல் உடைத்தது. ஏப்ரல் 23 அன்று அரிசோனா ஆளுநர் ஜேன் புரூவர், குடியேற்ற ஆவணங்களைப் போலீஸ் சோதிக்க வழிசெய்யும் எஸ்.பி. 1070 சட்டத்தில் கையெழுத்திட்டார். 1980 முதல் நடந்துவந்த எல்லை ஆளுநர்கள் மாநாடு அந்த ஆண்டு ஃபீனிக்ஸில் நடக்க வேண்டும். மெக்சிகோவின் ஆறு ஆளுநர்களும் வர மறுத்தார்கள். புரூவர் மாநாட்டை ரத்து செய்தார்; நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் செப்டம்பரில் சான்டா ஃபேயில் அதைக் கூட்டினார். 1959 முதல் இருந்த அரிசோனா–சொனோரா ஆணைய உறவும் அடி வாங்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தில் தன் முன் வந்த நான்கு பிரிவுகளில் மூன்றைச் செல்லாதாக்கியது. ஆளுநர்கள் மாநாடு பழைய தெம்புக்குத் திரும்பவில்லை.

தண்ணீர்ப் பாக்கி விவகாரத்தில் உறுப்பினர்கள் சமரசம் பேச முடியாதா?

இங்கேதான் எல்லா நட்பும் நின்றுவிடும். 1944 உடன்படிக்கைப்படி அமெரிக்கா கொலராடோ ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 65 டி.எம்.சி., மெக்சிகோவுக்கு விட வேண்டும். மெக்சிகோ தன் பக்கத்து ஆறு துணையாறுகளிலிருந்து ரியோ கிராண்டேயில் ஆண்டுச் சராசரி 15 டி.எம்.சி. விட வேண்டும், கணக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அந்தத் தண்ணீரின் பெரும்பங்கு சிவாவா மாநிலத்தின் கொன்சோஸ் ஆற்றிலிருந்து வர வேண்டியது.

2020 செப்டம்பரில், ‘எங்கள் அணையை வற்றவிட்டு டெக்சாஸுக்குக் கொடுப்பதா’ என்று சிவாவா விவசாயிகள் லா பொக்கீயா அணையைக் கைப்பற்றினார்கள். தேசியக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் இறந்தார். சிவாவா ஆளுநர் விவசாயிகள் பக்கம் நின்றார், தன் நாட்டு மத்திய அரசுக்கு எதிராக. எதிர்ப்பக்கம், 2024 பிப்ரவரியில் டெக்சாஸின் கடைசி சர்க்கரை ஆலை, கரும்புக்குத் தண்ணீர் இல்லை என்று மூடப்பட்டது. சிவாவா உறுப்பினரும் தெற்கு டெக்சாஸ் உறுப்பினரும் எத்தனை முறை ஒன்றாகச் சாப்பிட்டிருந்தாலும், அவரவர் விவசாயியை விட்டுக்கொடுத்தால் அடுத்த தேர்தலில் இருக்க மாட்டார்கள். இதை முடிக்க வேண்டியது பன்னாட்டு எல்லை மற்றும் நீர் ஆணையம். அமெரிக்கப் பிரிவு எல் பாசோவிலும், மெக்சிகோ பிரிவு பாலத்துக்கு அந்தப் பக்கம் சியுதாத் ஹுவாரெஸிலும் இருக்கின்றன. உறுப்பினர்களால் முடிவது வாய்க்காலுக்குச் சிமென்ட் பூச, சொட்டுநீருக்கு மாற, மாநில பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது. அதைத் தலைப்புச் செய்தியாக யாரும் போட மாட்டார்கள்.

அயல்நாட்டு ஆட்களோடு இப்படிப் பேசுவது குற்றமாகாதா?

அமெரிக்காவுக்கும் அயல்நாட்டுக்கும் உள்ள தகராறில் அரசின் அனுமதியில்லாமல் அந்த நாட்டு அரசோடு பேசுவதைக் குற்றமாக்கும் 1799-ஆம் ஆண்டு லோகன் சட்டத்தைச் சிலர் காட்டுவார்கள். 1803-இலும் 1852-இலும் குற்றச்சாட்டுப் பதிவானது. ஒருவர்கூட இதுவரை தண்டிக்கப்பட்டதில்லை.

ஆளுநர்களே பேசி முடித்தால் போதாதா? சட்டமன்றம் எதற்கு?

சில நேரம் போதும். டெட்ராய்ட்டுக்கும் கனடாவின் வின்சருக்கும் இடையே புதுப் பாலத்துக்கு மிச்சிகன் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளவே இல்லை. பழைய தனியார் பாலத்தின் முதலாளித் தரப்பு அங்கே பலமாக இருந்தது. 2012 ஜூனில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் சட்டமன்றத்தை ஒதுக்கிவிட்டுக் கனடாவோடு நேரடியாகக் கையெழுத்திட்டார். மாநிலம் ஒரு காசு போட வேண்டாம், கட்டும் செலவு முழுக்கக் கனடாவுடையது, பிறகு டோலில் எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் அது முடிந்தது. மாநில பட்ஜெட்டிலிருந்து பணம் வேண்டியிருந்தால் சட்டமன்றத்தின் கதவைத் தட்டாமல் நடந்திருக்காது. இன்னொன்று, ஆளுநரின் தாளை அடுத்த ஆளுநர் கிழித்துப் போடலாம். சட்டத்தை நீக்க இன்னொரு சட்டம் வேண்டும்.

ஐரோப்பாவில் எப்படி?

அங்கே வழியைச் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறது. எல்லைப் பகுதி அரசுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள 1980 மாட்ரிட் ஒப்பந்தம் சட்டகம் அமைத்தது. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி எல்லைக்கு இரு பக்கத்தாரும் சேர்ந்து ஒரே சட்ட ஆளுமை கொண்ட அமைப்பைப் பதிவு செய்யலாம். ஆஸ்திரியாவின் டிரோல், இத்தாலியின் தென் டிரோல், ட்ரென்டினோ ஆகிய மூன்றின் சட்டமன்றங்களும் கூட்டாக அமர்வு நடத்துகின்றன. வட அமெரிக்காவில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

தெற்கு எல்லையில் புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் உண்மையிலேயே ஏதாவது செய்ய நினைத்தால்?

குடியேற்றத்தில் தொடங்க வேண்டாம். கழிவுநீர்க் குழாய், லாரி பிரேக், தீயணைப்பு வண்டி என்று தன் மாநில அதிகாரத்துக்குள் முழுசாக அடங்கும் ஒன்றை எடுக்கட்டும். 1983 லா பாஸ் ஒப்பந்தம் எல்லைக்கு இரு பக்கமும் 100 கிலோமீட்டரைப் பொதுச் சுற்றுச்சூழல் பகுதியாக வரையறுத்திருக்கிறது. தொகுதி அதற்குள் இருந்தால், சான் அன்டோனியோவில் இருக்கும் வட அமெரிக்க வளர்ச்சி வங்கியில் குழாய்த் திட்டங்களுக்குக் கடனோ மானியமோ கேட்க வழி இருக்கிறது.

அப்புறம் தேதிகளைக் குறித்துக்கொள்ளட்டும். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டு ஜனவரி இரண்டாம் செவ்வாயன்று கூடும். மசோதாவை முந்தைய நவம்பர் தேர்தல் முடிந்த அடுத்த வாரத் திங்கட்கிழமை முதலே தாக்கல் செய்யலாம். கூட்டம் தொடங்கி 60-ஆம் நாளோடு பொது மசோதாக்களுக்கான காலம் முடியும். மெக்சிகோ பக்கத்து நண்பரோடு வாசகத்தை ஒத்துப் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கோடையிலேயே உட்கார வேண்டும். அந்தக் கோடையில் டெக்சாஸ் பக்கம் தேர்தல் வேலை நடந்துகொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.